சுகர், பிரஷர் பாட்டை வருங்காலக் கருவிகள் எவ்வளவு குறைக்கும்?

கேள்வி இது: கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்துக் குடும்பம். வீட்டுக்காரருக்கு 52 வயது, ரப்பர் பால் வெட்டும் வேலை, சில வருஷமாகச் சுகர். மாமியாருக்கு 74, சுகரும் பிரஷரும். குளிகை எடுத்துக் கொடுப்பது, விரலைக் குத்திப் பார்ப்பது, சோற்றையும் கிழங்கையும் அளப்பது, நடக்கச் சொல்லி மல்லுக்கட்டுவது எல்லாம் மருமகள் தலையில். பத்து வருஷத்தில் இந்தப் பாடு குறையுமா, இப்போதே எதை வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறையும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் குறையாது. நீங்கள் சொன்னதில் நாலு வேலை கலந்து கிடக்கிறது: ஞாபகம் வைப்பது, அளப்பது, வாயைக் கட்டுவது, உடம்பை அசைப்பது. முதல் இரண்டையும் தொழில்நுட்பம் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். மூன்றாவது இந்த ஐந்தாறு வருஷத்தில்தான் அசைந்து கொடுத்திருக்கிறது. நாலாவதை எந்த இயந்திரமும் நமக்காகச் செய்யப் போவதில்லை. ஆகவே யார் எதை விற்க வந்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: இதை வாங்கினால் நாளைக் காலையில் நான் செய்யாமல் விடப்போகிற வேலை எது? பதில் இல்லாமல் திரையில் இன்னொரு எண்ணை மட்டும் காட்டுகிற பொருள் உங்கள் வேலையைக் கூட்டத்தான் செய்யும்.

ஞாபகத்தில் தொடங்கலாம். பிரஷர், சுகர், கொழுப்பு மருந்துகள் தோற்பதில் பாதிக் காரணம் மருந்தில் இல்லை, அதை விட்டு விட்டுச் சாப்பிடுவதில் இருக்கிறது. வலி தெரியாத நோய்க்கு ஆயுசு முழுக்கத் தினமும் மருந்து என்பது மனித மனசுக்கு ஒட்டாத ஏற்பாடு. இதைச் சரிசெய்ய மருந்து ஆராய்ச்சி இரண்டு வழியில் போகிறது.

ஒன்று, பல குளிகையை ஒன்றாக்குவது. இந்த யோசனை 2003இல் இங்கிலாந்தில் முன்வைக்கப்பட்டது. மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கு ஆஸ்பிரின், பிரஷருக்கான ராமிப்ரில், கொழுப்புக்கான அடார்வாஸ்டாட்டின் மூன்றையும் ஒரே குளிகையில் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2022இல் வெளியானது. தனித்தனியாகச் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு அடுத்த தாக்குதல்கள் குறைவாக வந்தன. 2023இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்தக் கூட்டுக் குளிகையைச் சேர்த்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். தனிக் குளிகையென்றால் அதை மட்டும் மாற்றலாம். கூட்டுக் குளிகையில் மூன்றும் ஒன்றாக நின்றுபோகும். இருமலுக்காக வீட்டிலேயே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி, மருந்தின் ஆயுளை நீட்டுவது. கெட்ட கொழுப்பைப் பாதியளவு இறக்கும் இன்கிளிசிரான் என்ற ஊசி 2020இல் ஐரோப்பாவிலும் 2021இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. முதல் ஊசி, மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. கல்லீரல் செல் ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் செய்வதற்கான செய்தியை இது அழித்துவிடுகிறது. அதனால்தான் மருந்து ரத்தத்தை விட்டுப் போன பிறகும் பலன் நிற்கிறது. இதே முறையில் பிரஷருக்கு சிலிபெசிரான் என்ற ஊசி சோதனையில் இருக்கிறது. அது தேறினால் உங்கள் மாமியார் வயதுக்காரர்களுக்கு வருஷத்தில் 365 குளிகை இரண்டு ஊசியாகும். ஆனால் பிரஷர் ஊசியில் ஒன்றை யோசிக்க வேண்டும்: வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றி பிரஷர் தாழ்ந்தால், குளிகையை அன்றைக்கே நிறுத்தலாம். ஆறு மாத ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அது சந்தைக்கு வரும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

வாரம் ஒருமுறை போடும் இன்சுலினும் இப்படித்தான். ஐகோடெக் என்ற அந்த இன்சுலின் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லப் பிரியும். 2024இல் ஐரோப்பாவும் கனடாவும் அனுமதித்தன. முதல் வகை, அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காத சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது கூடுதலாக வந்ததால் அமெரிக்காவின் நிபுணர் குழு அவர்களுக்கு இதை ஏற்கவில்லை. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் தங்கும் தொழிலாளிகளை நினைத்துப் பாருங்கள். இன்று அவர்கள் இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். ஐஸில் நேராகப் பட்டு உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்கப் பழையபடியே தெரிந்தாலும் வேலை செய்யாது. திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்து, ஐஸுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடுப்பு விட்டு வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு ஊசியானால் ஒரு பயணத்துக்கு ஐந்தாறு ஊசி போதும். அதே சமயம், கடலில் சாப்பாடு தவறி சர்க்கரை தாழ்ந்தால் அந்த மருந்து நாள்கணக்கில் உடம்பில் இருக்கும், ஆஸ்பத்திரியோ தூரம். இப்படிப்பட்டவர்களுக்கு முழு மனசோடு இதைச் சிபாரிசு செய்ய முடியாது.

இதெல்லாம் வரும்வரை? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே குளிகை கொண்டுவருகிறது. மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு அலையும் வேலையை அது எடுத்துவிட்டது. சாப்பிட மறக்கும் வேலை மிச்சமிருக்கிறது. அதற்கு ஏழு நாள் டப்பா ஒன்று போதும். ஆனால் ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இரண்டு மழையும் வாங்குகிற ஊர் நம்முடையது, சில குளிகைகள் அட்டையிலிருந்து பிரித்ததும் ஈரத்தை உறிஞ்சும். அதனால் பலர் அட்டையோடு கத்தரித்து டப்பாவில் போடுகிறார்கள். கண் மங்கிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து: அட்டைத் துண்டோடு விழுங்கிவிடுவார்கள், அதன் கூர்முனை உணவுக்குழாயைக் கிழிக்கும். மாமியாருக்கு அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் பிரித்துக் கிண்ணத்தில் வையுங்கள், மீதி அட்டையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது அளப்பது. மாற்றம் பெரிதாக வந்திருப்பது இங்கேதான், ஏமாற்றும் இங்கேதான் அதிகம்.

மேல்கையின் பின்பக்கத்தில் ஒட்டும் சுகர் சென்சார் இப்போது பல மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. பத்து ரூபாய் நாணயம் அளவு வில்லை, அதன் அடியில் அரை சென்டிமீட்டர் வாக்கில் ஒரு மெல்லிய இழை. இழையில் பூசியிருக்கும் நொதி குளுகோஸோடு வினைபுரிந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதை எண்ணாக்கி போனுக்கு அனுப்புகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 288 அளவு. ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: இழை இருப்பது ரத்தத்தில் அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரில். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அங்கே வந்துசேரச் சில நிமிடம் பிந்தும். சாப்பிட்டவுடனும், ஓடியாடி வேலை செய்யும்போதும் விரல் அளவும் சென்சார் அளவும் ஒத்துப்போகாதது அதனால்தான். உடம்பு ஒரு மாதிரி காட்டி சென்சார் இன்னொரு மாதிரி சொன்னால் விரலைக் குத்திப் பாருங்கள்.

ரப்பர் வெட்டுகிறவருக்கு இதை ஒட்டும்போது எங்கே தவறும் என்றால், முதல் எதிரி தேங்காய் எண்ணெய். குளிக்குமுன் எண்ணெய் தேய்க்கும் பழக்கம் உள்ள தோலில் பசை பிடிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒட்ட வேண்டும். பசை பிடிக்க நேரம் வேண்டும், ஆகவே மறுநாள் வெட்டு இல்லாத மாலையில் ஒட்டுங்கள். வலக்கையால் வெட்டுகிறவர் என்றால் இடக்கையில். மேலே ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றும் போட்டால் வியர்வைக்கும் வாளி உரசலுக்கும் தாங்கும். முதல் நாள் அளவை நம்பாதீர்கள், இழை புதிதாக நுழைந்த இடம் தணிய நேரம் எடுக்கும். ராத்திரி இரண்டு மணிக்குத் திடீரென்று 60 காட்டிச் சத்தம் போட்டால், அந்தக் கை மேலேயே ஒருக்களித்துப் படுத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அழுத்தினால் அந்த இடத்தில் நீரோட்டம் குறைந்து பொய்யாகத் தாழும். சில சென்சார்களில் அதிக அளவு வைட்டமின் சி குளிகை அளவைப் பொய்யாக ஏற்றும்.

இதை வருஷம் முழுக்கப் போட வேண்டிய தேவை, குளிகை மட்டும் சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் இல்லை. பதினாலு நாள் ஆயுள் உள்ள ஒரு சென்சார் சில ஆயிரம் ரூபாய். அதை ஒரு தடவை வாங்கி, பரீட்சை மாதிரி பயன்படுத்துங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாள் புட்டும் பழமும், மறுநாள் அதே அளவு புட்டும் கடலையும். ஒரு நாள் கிழங்கை மட்டும், இன்னொரு நாள் முதலில் துவரனும் மீனும் தின்றுவிட்டுப் பிறகு கிழங்கு. ஒரு நாள் சாப்பிட்டு உட்காருவது, இன்னொரு நாள் பதினைந்து நிமிடம் நடப்பது. சாப்பாட்டின் அளவும் நேரமும் மாறக் கூடாது, ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. இரண்டு வாரத்தில் அந்த மனுஷனுக்கு எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்ற கணக்கு கையில் வந்துவிடும். பிறகு பத்து வருஷத்துக்கு அது உதவும். 70க்கும் 180க்கும் இடையில் ஒரு நாளில் 70 சதவீத நேரம் இருந்தால் நல்லது என்பது பொது அளவுகோல்; தளர்ந்த முதியவர்களுக்கு 50 சதவீதம் போதும், அவர்களுக்குத் தாழ்வதுதான் பெரிய பயம்.

அந்தத் தாழ்வைப் பற்றி உங்கள் வீட்டுக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பால் நன்றாக ஓடுவது விடியுமுன் குளிரில். அதனால் வெறும் வயிற்றில் கட்டன் சாயாவோடு போய், சரிவில் நூற்றுக்கணக்கான மரம் வெட்டுவார். இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாதிரிக் குளிகையோ இன்சுலினோ எடுக்கிறவர் இப்படி வேலை செய்தால், கையில் வெட்டுக்கத்தியும் நெற்றியில் லைட்டுமாக இருக்கும்போதே சர்க்கரை தாழலாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, காரணமில்லாத எரிச்சல் வந்தால் வெட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்து 15 கிராம் குளுகோஸ் அல்லது மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளவு. அந்தப் பொட்டலம் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். வேலை நேரத்தை டாக்டரிடம் சொன்னால் மருந்தையோ நேரத்தையோ மாற்றிக் கொடுப்பார். "காலையில் வேலைக்குப் போவேன்" என்று மட்டும் சொன்னால் அவர் ஒன்பது மணி என்றுதான் நினைப்பார்.

சாதாரண விரல்குத்தி மீட்டரும் கெட்டதல்ல. சர்வதேசத் தரப்படி 100க்கு மேற்பட்ட அளவில் 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். உண்மையில் 200 என்றால் 170ம் வரலாம், 230ம் வரலாம். இரண்டு மீட்டர் இரண்டு எண் காட்டுவதற்காகப் புது மீட்டர் வாங்க வேண்டாம். பெரும்பாலும் தவறுவது மீட்டரில் அல்ல, கையில். சக்கைச் சுளை எடுத்த விரலை, ஏத்தன் பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் விரலில் ஒட்டிய சர்க்கரையும் சேர்ந்து அளவாகும். ஸ்ட்ரிப் பாட்டிலை எடுத்தவுடன் மூட வேண்டும். மழைக்காலத்தில் திறந்து கிடந்த பாட்டிலின் அளவை நம்ப முடியாது.

தோலைக் குத்தாமல் வெளிச்சத்தாலேயே சுகர் சொல்லும் வாட்ச், மோதிரம் என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் தோலைத் துளைக்காமல் சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று வெளிப்படையாக எச்சரித்தது. இது வராததற்குக் காரணம் கம்பெனிகளின் சோம்பல் அல்ல. தோலில் படும் வெளிச்சத்தில் தண்ணீரின் தடம் மிகப் பெரியது, குளுகோஸின் தடம் மிகச் சிறியது. வியர்வை, சூடு, பட்டையின் இறுக்கம் ஒவ்வொன்றும் அந்தச் சிறிய தடத்தை மறைத்துவிடும். என்றைக்காவது வரும். வந்தால் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அனுமதியோடு வரும்.

கையில் காற்றுப் பட்டை இல்லாமல் பிரஷர் சொல்லும் வாட்சும் ஏறக்குறைய அதே ரகம். அது பிரஷரை நேராக அளப்பதில்லை, நாடி அலையின் வடிவத்தைப் பார்த்து ஊகிக்கிறது. மாதம் ஒருமுறை நிஜ பிரஷர் மிஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும், மருந்து மாறினால் ஊகமும் தடுமாறும். ஒப்பிடுவதற்கு மிஷின் வாங்கத்தான் வேண்டும் என்றால் அந்த மிஷினையே வைத்துக்கொள்ளலாமே. மேல்கையில் கட்டும் மிஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கடையில் கையின் சுற்றளவை டேப்பால் அளந்து அதற்கேற்ற பட்டை கேளுங்கள். பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், அதற்கு மருந்தும் எழுதப்படும்.

எடுக்கும் முறை: மூத்திரம் போய்விட்டு வந்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசை மேல், பட்டை நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையில் குளிகைக்கு முன்னும் மாலையிலும், டாக்டரைப் பார்க்கும் முன் ஏழு நாள். முதல் நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி. வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதல். உங்கள் மாமியாருக்கு இன்னொன்றும் செய்யுங்கள்: உட்கார்ந்து எடுத்த பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் எடுங்கள். மேல் எண் 20 இறங்கினால் மருந்து கூடுதலாக இருக்கலாம், ராத்திரி எழும்பும்போது விழுவார். விழுந்து இடுப்பெலும்பு முறிவது அந்த வயதில் பிரஷரைவிட மோசமான காரியம்.

கண்ணுக்கு வருவோம். சுகரால் விழித்திரை கெடுவதைக் கணினியே படத்தைப் பார்த்துச் சொல்லும் என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016இல் காட்டினார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அந்த வேலையில் பங்கெடுத்தது. 2018இல் டாக்டர் இல்லாமலே முடிவு சொல்லும் முதல் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உண்மையிலேயே அலைச்சலைக் குறைக்கப் போவது இந்த மாதிரிக் கருவிதான்: சொட்டு மருந்து விட்டு அரைநாள் காத்திருந்து, கூசும் கண்ணோடு பஸ் ஏறுவதற்குப் பதில், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு படம். ஒரே எச்சரிக்கை, புரை உள்ள கண்ணிலும் சுருங்கிய கண்மணியிலும் படம் தெளிவாக விழாது. "படம் சரியில்லை" என்று வந்த சீட்டை "கண் சரி" என்று வாசித்துவிட்டு வருஷங்களை விட்டால் பார்வை போகும். அப்படி வந்தால் அந்த வாரமே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

இனி வாய். பசியை அடக்குவதற்கு மன உறுதி என்று சொல்லிச் சொல்லி மனிதர்களைக் குற்றவாளியாக்கியதுதான் இத்தனை காலம் நடந்தது. பசி, ஹார்மோன்கள் நடத்தும் காரியம். செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற வார ஊசிகள் இரைப்பை காலியாவதை மெதுவாக்கி, மூளையில் போதும் என்ற உணர்வைச் சீக்கிரம் கொண்டுவருகின்றன. டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. செமாக்ளூடைடின் காப்புரிமை இங்கே 2026 மார்ச்சோடு தீர்வதால், இந்தியக் கம்பெனிகளின் மலிவான வடிவங்களுக்கு வழி திறக்கிறது. கல்யாண வீட்டில் இரண்டாவது பாயசம் வேண்டாம் என்று தானாகத் தோன்றுவது உண்மையான விடுதலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மூன்று விஷயம். நிறுத்தினால் எடை திரும்பும்: செமாக்ளூடைடை நிறுத்தியவர்கள் ஒரு வருஷத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக ஆய்வு காட்டியது. இழக்கும் எடையில் ஒரு பகுதி தசை. கிளிமிபிரைடோ இன்சுலினோ கூட இருந்தால் அவற்றின் அளவைக் குறைக்காமல் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே மெலிந்த 74 வயதுக்காரருக்கு இது பொருந்துகிற மருந்தல்ல.

உப்பில் இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. சோடியம் உப்பில் கால் பங்கை எடுத்துவிட்டு பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேரிடம் கொடுத்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. யாரும் எதையும் அளக்கவில்லை, யாரும் நாக்கைக் கட்டவில்லை, உப்பு டப்பா மட்டும் மாறியது. எனக்கு எல்லாக் கருவிகளையும்விட மதிப்பு இதன் மேல்தான். உங்கள் வீட்டுக்கு இதைச் சொல்லுமுன் ஒரு நிபந்தனை: சிறுநீரகம் தளர்ந்தவருக்கும், ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மருந்து எடுப்பவருக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தவறலாம். மாமியாரின் ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பரிசோதித்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் மாற்றலாம். மேலும் கருவாடு, பப்படம், உப்பிலிட்ட மாங்காய் இவற்றில் இருக்கும் உப்பை எந்த டப்பாவும் மாற்றாது. ஜப்பானில் 2024இல் ஒரு கரண்டி விற்பனைக்கு வந்தது. மெல்லிய மின்னோட்டத்தால் நாக்கில் உப்புச்சுவையைக் கூட்டிக்காட்டும். சூப்புக் குடிக்கிற ஊருக்குச் சரி. கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு உதவாது.

தட்டைப் படம் பிடித்தால் கலோரி சொல்லும் செயலிகளும் நம் சாப்பாட்டில் தடுக்கி விழும். மீன்கறியில் எவ்வளவு தேங்காய் அரைத்தீர்கள், அவியலில் எவ்வளவு எண்ணெய் விட்டீர்கள் என்று கேமரா பார்ப்பதில்லை. தேங்காய் 100 கிராமில் 350 கலோரி இருக்கிறது. அதைவிட வீட்டுக் கணக்கு மேல்: வேகாத மரச்சீனிக் கிழங்கு 100 கிராமில் சுமார் 38 கிராம் மாவுச்சத்து, வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28. முந்நூறு கிராம் கிழங்கு தின்பவர் 400 கிராம் சோறு தின்றதற்குச் சமம். கிழங்கு தின்ற நேரத்துக்குச் சோறு கிடையாது என்று வைத்தாலே பாதி அளப்பு தீர்ந்தது.

உடம்பை அசைப்பதைப் பற்றி. எலிகளில் உடற்பயிற்சி செய்த பலனைக் காட்டும் வேதிப்பொருள்கள் வந்திருக்கின்றன. மனிதரிடம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பத்தாயிரம் அடி என்ற எண்ணும் மருத்துவத்திலிருந்து வந்ததல்ல, 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. ரப்பர் வெட்டுகிறவர் விடியுமுன்னே போதுமான அளவு நடந்துவிடுகிறார்; சாயங்காலமும் நடக்கச் சொல்லி அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். மழையில் வெட்டு நிற்கும் வாரங்களில்தான் அவருக்கு நடை வேண்டும், அந்த வாரங்களில் சுகர் ஏறுவதும் அதனால்தான்.

மாமியாருக்கு நடையைவிடத் தொடை பலம் முக்கியம். சுவரோடு ஒட்டி வைத்த நாற்காலியில் கைகளை நெஞ்சில் கட்டி உட்கார்ந்து, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து நிற்கிறார் என்று எண்ணுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். எழுபதைத் தாண்டிய பெண்ணுக்குப் பத்துக்குக் கீழே என்றால் விழும் வாய்ப்பு கூடுதல். கை ஊன்றித்தான் எழ முடிகிறதென்றால் ஊன்றியே தொடங்கட்டும்: ஒரு வேளைக்கு ஐந்து, காலையும் மாலையும், வாரம் ஒன்றைக் கூட்டி. கூடவே புரதம். நூறு கிராம் சாளை மீனில் 20 கிராம் வாக்கில் இருக்கிறது, பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லும் அளவு.

டெங்குவையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்து வீடுகளுக்கு அது பக்கத்துக் காரியம். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் டெங்குக் கிருமியைக் கொசுவுக்குள் பெருகவிடாத வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் எஜிப்டி கொசுக்களை விட்டு டெங்குவை 77 சதவீதம் குறைத்தார்கள். புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு மையமும் அப்படிப்பட்ட கொசுவை உருவாக்கியிருக்கிறது. அயோடின் உப்பு மாதிரி, வீட்டில் யாரும் எதையும் நினைவு வைக்க வேண்டாத தொழில்நுட்பம். ஆனால் பால் சேரும் சிரட்டையில் மழைநீர் தேங்கி வளர்வது பெரும்பாலும் அதன் ஒன்றுவிட்ட சகோதரனான ஏடிஸ் அல்போபிக்டஸ். அதற்கு இயற்கையிலேயே வோல்பாக்கியா உண்டு, இருந்தும் டெங்குவைப் பரப்புகிறது. ஆகவே நகரத்தில் அந்த முறை வந்தாலும், வெட்டு நிறுத்தும் நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கிற வேலை தோட்டத்தில் மிச்சம் இருக்கும்.

கரண்டும் நெட்டும் இல்லாமல் இவை ஒன்றும் நடக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. குளிகைப் பெயர், அளவு, கடைசி சுகர், பிரஷர், டாக்டர் பெயர் எல்லாம் ஒரு நோட்டில் பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மருந்து டப்பாவோடு இருக்கட்டும்.

இப்போது வாங்க வேண்டியவை: மேல்கை பிரஷர் மிஷின், ஏழு நாள் டப்பா, வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு சென்சார். வருஷத்துக்கு ஒரு விழித்திரைப் படம் இருவருக்கும். காத்திருக்க வேண்டியவை: ஆறு மாத பிரஷர் ஊசி, தோலைக் குத்தாத சுகர் வாட்ச்.

பாதத்துக்கும் ஒரு கருவி வந்திருக்கிறது. தினமும் ஏறி நின்றால் இரு பாதத்தின் சூட்டையும் ஒப்பிடும் பாய். ஒரே இடத்தில் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் 2.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்தால் புண் வருமுன்னே சொல்லும். அது நம் ஊர்க் கடைக்கு வரும்வரை, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவியதும் உள்ளங்காலை அதன் மேல் காட்டச் சொல்லுங்கள். விரலிடுக்கு, குதிகால், பெருவிரலின் அடி. உணர்ச்சி குறைந்த காலில் முள் தைத்தால் அவருக்குத் தெரியாது, கண்ணாடியில் உங்களுக்குத் தெரியும்.